பத்தொன்பது மாதம் தம்பியை ஒளித்து வைத்தோம்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். இதை வெளியாள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல எங்கள் வீட்டுக்கு ஆறு வருஷம் பிடித்தது. அதற்குள் எவ்வளவு பணம் போனது, அவனை என்ன பாடு படுத்தினோம் என்பதை எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 2016-ல் எங்களுக்கு வழி சொன்ன அத்தனை பேரும் கோயிலையும் மந்திரவாதியையும்தான் சொன்னார்கள். மனநல டாக்டரிடம் போங்கள் என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவராக வேறு யாருக்காவது நான் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்கள் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. நான் மூத்தவள், அடுத்து தம்பி, கடைசியாகத் தங்கை. தம்பி டிப்ளமா முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு இருந்தான். 2016 சித்திரையில் வேலையை விட்டுவிட்டு வந்தான். அப்போது அவனுக்கு 24 வயது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, மேலதிகாரி சரியில்லை என்று ஏதேதோ சொன்னான். நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை. ஆடி மாசம் ஊரே திருவிழாவில் இருக்கும்போது இவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரி தூக்கமே இல்லை. பட்டறையில் மெஷின் ஓடும் சத்தத்துக்குள்ளிருந்து ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். "அக்கா, உனக்குக் கேக்கலையா? நல்லா கேளு" என்று என் கையைப் பிடித்துச் சொன்ன அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே கேட்டது. அது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்த பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல் இருந்தால், நண்பர்களை விட்டு ஒதுங்கினால், குளிக்காமல் இருந்தால், யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொன்னால், யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்றால் மாசக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பதினைந்து வயதுக்கு மேல், முப்பதுக்குள்தான் பெரும்பாலும் இது ஆரம்பிக்கும். சோம்பேறித்தனம் என்றும் காதல் தோல்வி என்றும் வீட்டார் நினைத்துவிடுவோம். மருந்து இல்லாமல் கழியும் காலம் கூடக்கூட அப்புறம் குணமாவதும் மெதுவாகத்தான் நடக்கும். நாங்கள் முதல் மாத்திரை கொடுத்தது 2018 பிப்ரவரியில். 2016 ஆடியிலிருந்து எண்ணினால் பத்தொன்பது மாதம்.

அந்தப் பத்தொன்பது மாதம் என்ன செய்தோம்? அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, செய்வினை என்றார். பட்டறை ஆளோடு இருந்த பழைய தகராறை நினைத்து அப்பாவும் நம்பினார். முதலில் ஒருவர் வீட்டுக்கே வந்து நாலு மூலையிலும் எதையோ புதைத்தார், பதினெட்டாயிரம். அடுத்தவர் தாயத்து, தகடு, கோழி, அமாவாசை பூஜை என்று மூன்று மாதம் இழுத்தார், அறுபதாயிரத்துக்கு மேல். கடைசியாகப் போன இடத்தில் அவனை வேப்பிலையால் அடித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அம்மாவின் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போய், மீட்க முடியாமல் மூழ்கியே போனது. சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. அம்மா இன்றைக்கும் ஏற்காடு மலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போய் அவனுக்காக வேண்டிக்கொண்டு வருகிறார், நானும் கூடப் போகிறேன். ஆனால் அடிப்பவரிடமும், மாத்திரை கூடாது என்பவரிடமும், தவணை தவணையாகப் பணம் கேட்பவரிடமும் பிள்ளையை விடாதீர்கள்.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. படிப்பறிவு இல்லாத வீடு இல்லை எங்களுடையது. நான் பி.காம். படித்திருக்கிறேன். பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் எங்கள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பயம் இருந்தது தெரிந்தது. அவமானம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒரே வீட்டுக்குள் அது ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அப்பாவின் பயம் தொழில். கொலுசுப் பட்டறைக்கு வெள்ளியை வியாபாரிகள்தான் எடை போட்டுக் கொடுப்பார்கள், நாம் செய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். முழுக்க முழுக்க நம்பிக்கையில் நடப்பது. "பையன் இப்படின்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என்னை நம்பி வெள்ளி குடுப்பான்?" என்று ஒருநாள் ராத்திரி அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அம்மாவுக்கு அது தன் வயிற்றுப் பாவம். அவன் வயிற்றில் இருந்தபோது நேர்ந்துகொண்ட ஒரு வேண்டுதலை நிறைவேற்றவில்லை என்று தன்னையே தின்றுகொண்டிருந்தார். தங்கைக்குக் கல்யாணம் நின்றுவிடுமோ என்று. எனக்கு என் மாமியார் வீடு. "உங்க பரம்பரையில யாருக்காவது இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த வாரம் முழுக்க என் மகனை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவன் தனியாக ஏதாவது பேசுகிறானா என்று.

அந்தப் பயத்தோடு இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மக்களில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரக்கூடும். கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தால் அது ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்று கூடுகிறது, அவ்வளவுதான். அதாவது பெரும்பாலோருக்கு வருவதில்லை. வளர்ப்பினால் வருவதும் இல்லை. டாக்டர் இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப என்னாலதான் வந்துச்சுன்னு இல்லீங்களா சார்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் டாக்டர் பொறுமையாக இல்லை என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அம்மா அழுதார்.

2018 தையில் தங்கைக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான் என்றே சொல்லியிருந்தோம். கல்யாணத்தில் அவன் எப்படி இருப்பானோ என்று பயந்து, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலையாக இருந்த மாமா வீட்டுக்கு நாலு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டோம். மாமாவும் அவனைக் காலையில் வெளியே விட்டு, ராத்திரி அறையில் வைத்து வெளித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியும். சரி என்றுதான் நானும் போனில் சொன்னேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டான். அவன் இல்லாததை மாமா பார்த்துப் போன் செய்தபோது காலை ஐந்து மணி. மண்டபத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அப்பா ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அப்புறம் "முகூர்த்தம் முடியட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். நானும் விடவில்லை. ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு போட்டோவுக்கு நின்றேன். அந்தப் போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை.

தை மாசக் குளிரில், ஸ்வெட்டர்கூட இல்லாமல், காட்டெருமை நடமாடும் அந்த மலைப்பாதையில், இருபது கொண்டை ஊசி வளைவையும் இருட்டில் நடந்தே இறங்கியிருக்கிறான். விடியும் நேரத்துக்கு அடிவாரம் வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கடைக்காரர் அவனுக்கு டீயும் பன்னும் கொடுத்து, போர்த்திக்கொள்ளத் துண்டு கொடுத்து, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, அவன் சொன்ன நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். அப்பாவின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். அப்பாவின் போனில் தெரியாத நம்பரிலிருந்து நாலு மிஸ்டு கால் இருந்ததைப் பந்தி முடிந்து பத்தரை மணிக்குத்தான் பார்த்தோம். நானும் என் வீட்டுக்காரரும் ஓடினோம். என்னைப் பார்த்ததும் தம்பி கேட்டான், "அக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? நான் வந்தா கெட்டுப்போயிரும்னு இங்கேயே உக்காந்துட்டேன்." எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன்னை ஏன் மலைக்கு அனுப்பினார்கள் என்பதும், வீட்டில் அவனை வைத்துக்கொண்டே நாங்கள் குசுகுசுவென்று பேசியதும். நோய் வந்தவனுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்திருந்தோம்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், பேப்பரில் பார்த்து இப்படியும் கட்டி வைப்பார்களா என்று அழுதிருக்கிறேன். அதே நான்தான் வெளித் தாழ்ப்பாளுக்குச் சரி என்றேன். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் கூடாது என்கிறது. வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வந்தால் பூட்டாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இன்னொன்று, காணாமல் போனால் உடனே போலீசில் புகார் கொடுங்கள். ஒரு நாள் கழிந்தால்தான் புகார் எடுப்பார்கள் என்ற விதி எதுவும் இல்லை. சமீபத்திய போட்டோ ஒன்று எல்லோர் போனிலும் இருக்கட்டும். ஒரு போன் நம்பர் எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் மனநல டாக்டர். அதுவும் சேலத்தில் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கோயம்புத்தூர் போனோம். சேலத்திலேயே மனநல டாக்டர்கள் இருக்கும்போது, மாசம் ஒருமுறை போக நாலு மணி நேரம் வர நாலு மணி நேரம் பஸ். பீஸ், மருந்து, சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு மூவாயிரத்து ஐந்நூறு. அப்பாவுக்கும் எனக்கும் ஒரு நாள் வேலை போச்சு. கேட்பவர்களிடம் நரம்புத் தளர்ச்சி, நரம்பு டாக்டரிடம் காட்டுகிறோம் என்றோம். நரம்பு என்றால் இரக்கப்படுவார்கள், மனநலம் என்றால் கீழ்ப்பாக்கம் என்பார்கள். ஆனால் மருந்து வேலை செய்தது. முதல் பத்து நாள் தூக்கம் மட்டும் வந்தது. ஆறாவது வாரம் "அந்தச் சத்தம் தூரமா போயிருச்சு" என்றான். நாங்கள் மூன்றாவது நாளே அதிசயத்தை எதிர்பார்த்தோம். அப்படி எதிர்பார்க்காதீர்கள், வாரக்கணக்காகும். கை நடுக்கம், எச்சில் வடிதல், எடை கூடுதல் எல்லாம் அவனுக்கு வந்தது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மாத்திரையை மாற்றுவார். நாமாக நிறுத்தக்கூடாது.

இங்கே நாங்கள் செய்த பெரிய தப்பு ஒன்று. ஒரு வாரம் அவன் மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தபோது, அம்மா தயிர் சோற்றில் பொடித்துக் கலந்து கொடுத்தார். கசப்பு தெரிந்து கண்டுபிடித்துவிட்டான். தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் ஏற்கெனவே இருந்தவன் அவன். அதற்கு நாங்களே சாட்சி கொடுத்த மாதிரி ஆனது. நாலு மாசம் அம்மா கையால் எதையும் சாப்பிடவில்லை, கடையில் பார்சல் வாங்கி என் கையில் பிரித்தால்தான் சாப்பிடுவான். மாத்திரை மறுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு மாசம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, அது ஒத்து வருமா என்று கேளுங்கள்.

2019 சித்திரையில் அவன் நன்றாகவே இருந்தான். பட்டறைக் கணக்கு எழுதினான். உடனே சொந்தக்காரர்கள் "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று ஆரம்பித்தார்கள். தாரமங்கலம் பக்கம் ஒரு பெண்ணும் பார்த்தாகிவிட்டது. பெண் வீட்டாருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வந்து போகும் வீட்டில் மாத்திரை அட்டை கிடக்கக்கூடாது என்று அம்மா மாத்திரையைப் பெருங்காய டப்பாவுக்கு மாற்றினார். டாக்டர் சீட்டுகளை எல்லாம் அப்பா பட்டறை அடுப்பில் போட்டார். அப்புறம் மாத்திரையே தேவையில்லை என்று நிறுத்தியாகிவிட்டது. நான் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் என்னைப் போல ஒரு அக்கா இருப்பாள் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஆனியில் குரல்கள் திரும்பி வந்தன. கல்யாணப் பேச்சு நின்றது. அது அந்தப் பெண்ணுக்கு நல்லதாகப் போயிற்று என்று இன்றைக்கு நினைக்கிறேன். மறைத்துச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போக இந்து திருமணச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். சட்டம் இருக்கட்டும், சொல்லாமல் கட்டி வைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இவன் மாத்திரை போட எங்கே ஒளிவான்? மருந்தோடு நன்றாக வாழும் தம்பதிகள் எத்தனையோ பேர் உண்டு, ஆனால் தெரிந்து கட்டிக்கொண்டவர்களாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை முதல் தடவையைவிட மோசமாக வந்தது. கோயம்புத்தூர் வரை பஸ்ஸில் கூட்டிப்போகும் நிலையில் அவன் இல்லை. வேறு வழியில்லாமல் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை, எவ்வளவு மில்லிகிராம்?" சீட்டு எல்லாம் அடுப்பில் போயிருந்தது. "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்றார் அப்பா. முன்பு எது பலித்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியாமல் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்க வேண்டியதாயிற்று. பத்தொன்பது நாள் உள்ளே இருந்தான். ஒரு பைல் போடுங்கள். சீட்டு, ரத்தப் பரிசோதனை, எந்தத் தேதியில் எந்த மாத்திரை மாறியது, அப்போது என்ன நடந்தது, எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

அதிலிருந்து இங்கேயேதான். மாத்திரை இலவசம், மாசம் ஒருமுறை ஓ.பி. காத்திருக்க வேண்டும், சாப்பாடும் தண்ணீரும் எடுத்துப் போய்விடுவோம். மூன்றாவது மாசம் வரிசையில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கும் அம்மாவைப் பார்த்தேன், மகளோடு உட்கார்ந்திருந்தார். வெளியூரில் படிக்கிறாள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த மகள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். தெருவில் பார்த்தபோதும் பேசவில்லை. ஐந்தாறு மாசம் கழித்துத்தான் ஒருநாள் "உனக்கு டோக்கன் எத்தனை பாப்பா?" என்று கேட்டார். இவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் நாங்கள் பதினான்கு மாசம், மாசம் தவறாமல் கோயம்புத்தூர் போய் வந்தோம். கிட்டத்தட்ட ஐம்பதாயிரம். 2020 ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்ட காலத்தில், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்ததால் ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை.

இப்போது எங்கே போவது என்றே தெரியாமல் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டாரும் பேசலாம். நோய் நீண்ட நாள் இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது, சலுகைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்பா அந்த அட்டைக்கு ஒன்றரை வருஷம் சம்மதிக்கவில்லை. அப்புறம் தம்பியே "எனக்குத்தானேப்பா அட்டை, நான் வாங்கிக்கறேன்" என்றான். மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் கேட்டு எடுங்கள். உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது.

ஆட்களிடம் என்ன சொல்வது என்பதை முன்னாலேயே யோசித்து ஒரு வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது இது: "அவனுக்கு மனநலப் பிரச்சினை, மாத்திரை சாப்பிடறான், இப்ப பரவாயில்லைங்க." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. இதை முதலில் வெளியே சொன்னவர் அப்பாதான். 2022-ல் ஒரு நாள் வெள்ளி வாங்கப் போன இடத்தில் வியாபாரி பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறார், இவர் சொல்லிவிட்டார். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, வழக்கம்போல எடை போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் அப்படி இல்லை. தங்கை வீட்டில் தெரிந்தபோது பெரிய சண்டை, ஏழு மாசம் அவளை இங்கே அனுப்பவில்லை. நோயைவிட நீங்கள் சொன்ன பொய்தான் எங்களுக்குக் கஷ்டம் என்று அவள் மாமனார் சொன்னார். அதில் நியாயம் இருந்தது.

தம்பி இப்போது காலையில் மட்டும் பட்டறையில் இருக்கிறான். எடை பார்த்து எழுதுவது அவன் வேலை. கொஞ்சம் மந்தமாகத்தான் இருப்பான், மத்தியானம் தூங்க வேண்டும், கூட்டம் ஒத்துக்கொள்ளாது. இதை எழுதி முடித்ததும் அவனிடம் படித்துக் காட்டினேன். வேப்பிலை வந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னான். அடிவாரத்தில் அந்த டீக்கடைக்காரர் கொடுத்தது ஒரு பன் இல்லை, இரண்டு பன்.